மூட்டையில் அச்சிட்ட எண் பால் கறக்காது

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்துக் கூட்ட அறையில், ஊருக்குத் திரும்பிப் பால் பண்ணை வைக்க நினைக்கும் நம் தொழிலாளர்களைக் கூட்டி வைத்து ஒருவர் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வருடக்கணக்காக உழைத்துச் சேர்த்த பணத்தில் பத்து மாடு வாங்க நினைப்பவர்கள். அவர்களிடம் அவர் சொன்னது இது: பால் என்பதே புரதம், புரதத்தைக் கூட்டினால் பால் கூடும், 20 சதவீதப் புரதமுள்ள தீவனத்தை மாற்றி 28 சதவீதத் தீவனம் போட்டால், பத்து லிட்டர் மாடு பதினான்கு லிட்டர் கறக்கும். பேச்சு முடிந்ததும் அதே தீவனத்துக்கு முன்பதிவு நடந்தது.

இது பொய்க் கணக்கு. பொய் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். புரதம் மூன்று அல்லது மூன்றரை சதவீதம்தான். மடிக்குள் அவ்வளவு தண்ணீரையும் இழுத்து வருவது பால் சர்க்கரையான லாக்டோஸ். லாக்டோஸ் உருவாக குளுக்கோஸ் வேண்டும். அந்தக் குளுக்கோஸைப் பசுவின் ஈரல் பெரும்பாலும் புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து செய்கிறது. அந்த அமிலம் எங்கிருந்து வருகிறது? மாவுச்சத்தையும் நாரையும் பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும்போது வருகிறது. எத்தனை லிட்டர் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சாப்பாட்டிலுள்ள சக்தி. அடுப்பில் விறகு வைக்காமல் பானையில் பருப்பை மட்டும் அள்ளி அள்ளிக் கொட்டினால் சாம்பார் பெருகிவிடாது.

பேச்சாளரின் எண்களையே எடுத்துக்கொள்வோம். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளைக்கு ஐந்து கிலோ அடர்தீவனம் என்று வைத்தால், 20 சதவீதத்திலிருந்து 28 சதவீதத்துக்குப் போவது 400 கிராம் கூடுதல் கச்சாப் புரதம். அந்த மாட்டின் ஒரு நாள் பால் முழுவதிலும் இருக்கும் புரதமே கிட்டத்தட்ட 330 கிராம்தான். ஏற்கெனவே போதுமான அளவு தின்கிற மாட்டுக்கு இந்த 400 கிராமை என்ன செய்யத் தெரியும்? நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக உடைக்கும். அந்த அம்மோனியாவைத் தம் உடலாகக் கட்டிக்கொள்ள அவற்றுக்குச் சக்தி போதாது. மிச்சம் ரத்தத்தில் ஏறும், ஈரல் அதை யூரியாவாக்கும், சிறுநீரில் போகும். 400 கிராமும் வீணானால் நாளொன்றுக்குச் சுமார் 135 கிராம் யூரியா. விலை கொடுத்து வாங்கிய புண்ணாக்கு கொட்டகைத் தரையில் ஓடும். யூரியாவாக மாற்றும் வேலைக்கும் மாடு தன் சக்தியைத்தான் செலவிட வேண்டும். அந்தச் சக்தி பாலுக்குப் போயிருக்க வேண்டியது.

இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், விஸ்கான்சினில் ஓல்மோஸ் கோல்மெனேரோ, பிராடரிக் என்ற இரு ஆய்வாளர்கள் நாற்பது ஹோல்ஸ்டீன் மாடுகளுக்கு ஐந்து வகைத் தீவனம் கொடுத்தார்கள். மொத்தச் சாப்பாட்டில் புரதம் 13.5 சதவீதத்திலிருந்து 19.4 சதவீதம் வரை. பால் உச்சத்தைத் தொட்டது 16.5 சதவீதத்தை ஒட்டி. அதற்கு மேல் கூட்டியதில் பால் ஏறவில்லை. தின்ற நைட்ரஜனில் பாலில் சேர்ந்த பங்கோ 100க்கு 36இலிருந்து 25 ஆகச் சரிந்தது. அவை நாளுக்கு முப்பது லிட்டருக்கு மேல் கறக்கும் மாடுகள். அவற்றுக்கே அந்த அளவு போதும் என்றால், பத்து லிட்டர் கலப்பின ஜெர்சிக்கு அடர்தீவனத்தில் 28 எதற்கு?

அவர் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வெறும் வைக்கோல் தின்னும் மாட்டுக்குப் புரதம் கொடுத்தால் பால் ஏறத்தான் செய்யும். வைக்கோலில் புரதம் மூன்று, நான்கு சதவீதம்தான். மொத்தச் சாப்பாட்டில் ஏழு சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும்; நார் செரிக்காது; மாடு தின்பதும் குறையும். கோடையில் கண்மாய் வற்றிய ஊரில் வைக்கோலோடு நிற்கும் மாட்டுக்கு இரண்டு கை கடலைப் புண்ணாக்கு வைத்துப் பால் ஏறியதை யார் பார்த்ததில்லை? அவர் செய்த அநியாயம் இதில்தான். பட்டினி மாட்டுக்குக் கிடைத்த பலனை, வயிறு நிறைந்த மாட்டுக்கும் அதே விகிதத்தில் கிடைக்கும் என்று கோடு போட்டு நீட்டினார். பற்றாக்குறை தீர்ந்த இடத்தில் அந்தக் கோடு படுத்துவிடும். மாடு வளர்த்த எவருக்கும் இது தெரியும். அவருக்குத் தெரியாமல் இருந்தால் பேச வந்திருக்கக் கூடாது. தெரிந்தே பேசியிருந்தால் அது மோசடி.

குஜராத்தின் ஆனந்திலுள்ள தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் பல மாநிலங்களில் வீடு வீடாகப் போய்த் தீவனத்தைக் கணக்கிட்டது. பல மாடுகளுக்குப் புரதம் தேவைக்கு மேலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. தாது உப்புதான் குறைவு. தீவனத்தைச் சமன் செய்ததும் செலவு குறைந்து பாலும் ஏறியது. "நம்ம ஊர் மாடெல்லாம் புரதம் இல்லாமல் வாடுகிறது" என்று மேடையில் நின்று சொல்வதற்கு முன் இதைப் படித்திருக்க வேண்டும்.

அடுத்து, மூட்டையில் அச்சிட்ட அந்த 28. ஆய்வகம் அளப்பது புரதத்தை அல்ல, நைட்ரஜனை. கோபன்ஹேகனில் கெல்டால் 1883இல் கண்ட முறை அது. வந்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறோம். அந்தக் கணக்கில் யூரியாவுக்கு 287 சதவீதம் "புரதம்". ஆகவே மூட்டையின் எண்ணை ஏற்றுவது எளிது, அதில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. இந்த ஓட்டையை வைத்துத்தான் சீனாவில் தண்ணீர் ஊற்றிய பாலில் மெலமைனைக் கலந்து புரத அளவை உயர்த்திக் காட்டினார்கள். 2008இல் ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அந்தச் செப்டம்பரில் சிங்கப்பூரும் சீனப் பால் பொருள்களைக் கடைகளிலிருந்து அகற்றியது. அப்படி அகற்றிய ஊரில் நின்றுகொண்டு, எண்ணைக் காட்டி நம்பச் சொல்கிறார் ஒருவர். எந்தப் புண்ணாக்கு, எவ்வளவு யூரியா, பெருவயிற்றில் உடையாமல் கடந்து போகும் புரதம் எவ்வளவு என்று அறையில் ஒரு தம்பி கேட்டார். "அதெல்லாம் டெக்னிக்கல்" என்பதுதான் கிடைத்த பதில்.

என்னை அதிகம் கோபப்படுத்தியது அவர் நம் முன்னோரைப் பேசிய விதம். புரதம் தெரியாததால்தான் பழைய சிராங்கூன் சாலைப் பால்காரர்கள் தொழிலை இழந்தார்களாம். மாட்டுக் கொட்டகைகளுக்குப் பக்கத்திலேயே எள் செக்குகளும் மாவு ஆலைகளும் இருந்த தெரு அது. புண்ணாக்கும் தவிடும் பச்சைப் புல்லும் சேர்ந்த தீவனத்தில் புரதமும் சக்தியும் நாரும் ஒன்றாக இருந்தன. ஆய்வகம் இல்லாமலே அவர்கள் அந்தச் சமனை அறிந்திருந்தார்கள். அவர்கள் தொழிலை நெருக்கியது நிலமும் சட்டமும். 1955 முதல் இதே தஞ்சோங் பகார்த் தொகுதியின் உறுப்பினராக இருந்த லீ குவான் இயூ தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார்: தெருவில் திரியும் மாடு, ஆடுகளைக் கட்டிப்போட 1965 ஜனவரி 31 வரை கெடு, அந்த டிசம்பருக்குள் பிடித்து வெட்டிய மாடுகள் 53. மேய்ச்சலுக்கு இடமில்லாமல் அடுக்குமாடிகள் எழுந்த நகரத்தில் எந்தத் தீவனம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும்?

இன்னொன்றையும் பேச்சாளர் சொல்லவில்லை. ரத்தத்தில் யூரியா ஏறினால் சினை பிடிப்பது குறையலாம். பாலிலுள்ள யூரியா நைட்ரஜன் டெசிலிட்டருக்கு 19, 20 மில்லிகிராமைத் தாண்டினால் மருத்துவர்கள் எச்சரிப்பது அதனால்தான். சினை தவறிய ஒவ்வொரு மாதமும் கறவை இல்லாமல் தீவனம் போட வேண்டிய மாதம். பால் விலையை எடுத்துக்கொண்டாலும், கூட்டுறவுச் சங்கத்தில் அது கிடைப்பது கொழுப்புக்கும் இதர திடப்பொருளுக்கும். கொழுப்பை ஏற்றுவது நார், புரதமல்ல.

அந்த அறையில் இருந்த தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த மூட்டைக்கு ஒதுக்கிய பணத்தில் அரை ஏக்கரில் கோ-4 புல்லும் வேலிமசாலும் போடுங்கள். தண்ணீருக்கு வழி செய்யுங்கள். தாது உப்புக் கலவை வாங்குங்கள். உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, பிறகு இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் அடர்தீவனம் வையுங்கள்.

பேச்சாளருக்கு: எந்த மாடு, ஈன்று எத்தனை மாதம், வேறு என்ன தின்றது, எத்தனை லிட்டர் ஏறியது என்பதை எழுத்தில் கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டால், வாங்கிய முன்பணத்தை அவரவர் கையில் திருப்பிக் கொடுங்கள்.