விளையாட்டை வினையாக்கியது யார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

'விளையாட்டு வினையாகும்' என்பது நம் முன்னோர் வாக்கு. சிறுவயதில் நான் மரத்தில் ஏறினாலும் கிணற்றில் குதித்தாலும் என் பாட்டி இதைச் சொல்லித்தான் அதட்டுவார். அந்தப் பழமொழியின் முழுப் பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு பனியன் என்றால் நீங்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுதான்.

விடுதியில் என் அறைத் தோழர் லிவர்பூல் கால்பந்து அணியின் சிவப்புப் பனியன் ஒன்று வைத்திருக்கிறார். சந்தையில் வாங்கிய போலிதான். அதன் பின்கழுத்துப் பகுதியில், இரண்டு தீச்சுடர்களுக்கு நடுவே 97 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. "இது யாருடைய எண்?" என்று கேட்டேன். அணிந்திருந்தவருக்கே தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான் விளங்கிற்று. அது ஆட்டக்காரரின் எண் அன்று. ஆட்டம் பார்க்கச் சென்று மடிந்துபோன ரசிகர்களின் எண்ணிக்கை!

அவர்களைக் கொன்றது யார்? "காலிகள்தாம், வேறு யார்?" என்று பிரிட்டனில் மிகப் பலர் ஆண்டுக்கணக்காக நம்பினார்கள். முதல் பக்கத்தைப் படித்தபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணம் எவ்வளவு பெரிய தவறு என்பதையும், அந்தத் தவறுக்கு மனித உயிர்கள் விலையானதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலித்தனம் கற்பனை அன்று

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். பிரிட்டனின் கால்பந்துக் காலித்தனம் பத்திரிகைகள் கட்டிவிட்ட கதை அன்று. 'ஹூலிகன்' என்ற சொல் 1898ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் நாளேடுகளில் தெருச் சண்டைக்காரர்களைக் குறிக்க வழங்கலாயிற்று. 1960களில் அது கால்பந்து ரசிகர்களோடு ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் கடைக்காரர்கள் கதவடைப்பதும், ரயில் பெட்டிகள் நொறுங்குவதும் வழக்கமாயின. வெஸ்ட் ஹாம் அணியின் பெயரைச் சொல்லித் திரிந்த 'இன்டர் சிட்டி ஃபர்ம்' என்ற கும்பல், தாங்கள் அடித்து வீழ்த்தியவர்மீது அச்சடித்த அட்டை ஒன்றை விட்டுச் செல்லும் அளவுக்குத் துணிந்திருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்கள்மீது வாழைப்பழம் வீசிக் கேலி செய்த கொடுமையும் நடந்தது.

இவற்றின் உச்சம் 1985 மே 29. பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸில், ஹெய்சல் மைதானத்தில், ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். லிவர்பூலும் இத்தாலியின் யுவெண்டஸும் மோதவிருந்தன. ஆட்டம் தொடங்குமுன்பே லிவர்பூல் ரசிகர்களில் ஒரு பகுதியினர் வலுவற்ற வேலியைத் தள்ளிக்கொண்டு எதிர்த்தரப்பார் மீது பாய்ந்தனர். மிரண்டு ஓடியவர்கள் சுவரோரம் நெருக்குண்டார்கள். சுவர் இடிந்தது. 39 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இத்தாலியர். மைதானம் பாழடைந்து கிடந்தது என்பதும் உண்மையே. ஆனால் அதனால் பாய்ந்தவர்களின் குற்றம் குறைந்துவிடாது. பின்னர் 14 ரசிகர்களுக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது. ஆங்கிலேய அணிகள் ஐந்தாண்டுகளும், லிவர்பூல் அணி ஆறாண்டுகளும் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன.

இதைக் கண்டு கோபம் கொள்ளாத மக்கள் உண்டா? பிரிட்டிஷ் மக்களின் சினம் நியாயமானது. அதில் ஐயமில்லை.

கோபம் வெறுப்பாக மாறியது

ஆனால் கோபம் வேறு, வெறுப்பு வேறு. கோபம் குற்றவாளியைத் தேடும். வெறுப்போ, கூட்டம் முழுவதையும் குற்றவாளி என்று சொல்லிவிட்டுத் தேடுவதையே நிறுத்திவிடும். பிரிட்டனில் நடந்தது இதுதான்.

ஸ்டூவர்ட் ஹால் என்ற அறிஞர், கால்பந்து ரசிகர்களைப் பத்திரிகைகள் எழுதிய விதத்தை ஆராய்ந்து 1978இல் கட்டுரை வெளியிட்டார். போர்க்களச் சொற்களும் விலங்குகளுக்கு உரிய சொற்களும் செய்திகளில் மலிந்து கிடந்ததை அவர் எடுத்துக் காட்டினார். நாள்தோறும் 'விலங்கு, விலங்கு' என்று படிப்பவன், ஒரு நாள் கூண்டு செய்யத்தானே கிளம்புவான்? 1970களிலிருந்தே மைதானங்களில் உயரமான இரும்பு வேலிகள் எழுந்தன. நின்று பார்க்கும் ரசிகர்களுக்கான படிக்கட்டுகள், ஆட்டுப்பட்டிகளைப்போல் தனித்தனிப் பட்டிகளாகப் பிரிக்கப்பட்டன. 1985இல் செல்சி அணியின் தலைவர் கென் பேட்ஸ் ஒருபடி மேலே சென்று மின்சார வேலியே போட்டுவிட்டார்! அவர் மாட்டுப்பண்ணையும் வைத்திருந்தவர். மாடுகளுக்குப் பயன்பட்டது மனிதர்களுக்கும் பயன்படும் என்பது அவர் கருத்து. லண்டன் பெருநகர மன்றம் அனுமதி மறுத்ததால் அதில் மின்சாரம் பாயவில்லை.

அதே 1985இல், ஹெய்சலுக்கு 18 நாட்கள் முன்பு, மே 11 அன்று பிராட்ஃபோர்டு நகரில் இன்னொரு துயரம் நிகழ்ந்தது. பழைய மரப் பார்வையாளர் மாடத்தின் அடியில் ஆண்டுக்கணக்காகக் குவிந்திருந்த குப்பையில் தீப்பற்றி 56 பேர் மாண்டனர். அங்கே காலித்தனம் எதுவும் நடக்கவில்லை. முதியவர்களும் குழந்தைகளும் இறந்தார்கள். ஆயினும் அடுத்த வாரமே 'சண்டே டைம்ஸ்' இதழின் தலையங்கம், கால்பந்தைச் சேரி விளையாட்டு என்றும், அதைப் பார்ப்போரைச் சேரி மனிதர்கள் என்றும் இழித்துரைத்தது. எரிந்தவர்களின் சாம்பல் ஆறுமுன் எழுதப்பட்ட சொற்கள் அவை!

பிராட்ஃபோர்டு தந்த பாடம் ஒன்று உண்டு. அங்கே மாடத்துக்கு முன்னால் வேலி இல்லை. அதனால்தான் ஆயிரக்கணக்கானோர் ஆடுகளத்துக்குள் ஓடி உயிர் தப்பினார்கள். பின்வாயிலை நோக்கி ஓடியவர்களோ பூட்டிய கதவுகளின் முன் மாண்டார்கள். இந்தப் பாடத்தைப் படித்திருந்தால் நான்காண்டுகள் கழித்து நடந்தது நடந்திராது.

பட்டிக்குள் மனிதர்கள்

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் ஆடவிருந்தன. லிவர்பூல் ரசிகர்கள் நுழையும் பக்கத்தில் வாயில்கள் போதவில்லை. வெளியே நெரிசல் முற்றிற்று. பிற்பகல் 2.52 மணிக்குக் காவல்துறையின் ஆணைப்படி பெரிய வாயில் ஒன்று திறக்கப்பட்டது. சுமார் இரண்டாயிரம் பேர் உள்ளே வந்தனர். அவர்கள் கண்ணுக்கு நேரே தெரிந்தது ஒரு சுரங்கப் பாதை. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப் பட்டிகளுக்குச் சென்றது. அதை அடைத்து, இடமிருந்த ஓரப் பட்டிகளுக்கு மக்களைத் திருப்பிவிட யாரும் ஆணையிடவில்லை.

இயற்பியல் மாணவன் என்பதால் இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன். நெரிசலில் எல்லாரும் மிதிபட்டே இறக்கிறார்கள் என்று நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. பின்னால் நிற்கும் ஒவ்வொருவரும் சிறிதே தள்ளினாலும் அத்தனை விசையும் கூடி முன்வரிசையில் இருப்பவரின் மார்பின்மேல் இறங்குகிறது. மார்பு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சுத் திணறி உயிர் போகிறது. பின்னால் இருப்பவருக்கோ முன்னால் நடப்பது தெரியாது. விசைக்கு நல்லவன், கெட்டவன் என்ற பேதமும் தெரியாது.

வேலிமீது ஏறித் தப்ப முயன்றவர்களைக் காவலர்கள் முதலில் திருப்பித் தள்ளினார்கள். ஏன்? ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் புகுந்து கலகம் செய்ய வருவதாக எண்ணினார்கள்! 3.06 மணிக்கு ஆட்டம் நிறுத்தப்பட்ட பின்னும், எதிரணி ரசிகர்களை இவர்கள் தாக்கிவிடக் கூடாது என்று மைதானத்தின் குறுக்கே காவலர் வரிசை நின்றது. விளம்பரப் பலகைகளைப் பிடுங்கித் தூக்குப்படுக்கையாக்கி, செத்தவரையும் சாகக் கிடந்தவரையும் சுமந்து ஓடியவர்கள் யார்? 'விலங்குகள்' என்று எழுதப்பட்ட அதே ரசிகர்கள்தாம்.

அன்று காயமுற்று 2021இல் இறந்தவரையும் சேர்த்து இறந்தோர் 97 பேர். அவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதைக் கடவாதவர். மிக இளையவனுக்கு வயது பத்து.

பொய்யின் ஆயுள்

அன்று பிற்பகலிலேயே பொய் பிறந்துவிட்டது. வாயிலை ரசிகர்களே உடைத்துத் திறந்தார்கள் என்றார், திறக்க ஆணையிட்ட காவல்துறை உயர் அதிகாரி. இறந்தவர்களின் உடலில் மது இருக்கிறதா என்று, சிறுவர்கள் உட்பட எல்லாருடைய இரத்தத்தையும் சோதித்தார்கள். நான்காம் நாள் 'தி சன்' நாளேடு முதல் பக்கத்தில், 'உண்மை' என்ற பொருள்படும் தலைப்பிட்டு, ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள், காவலர்கள்மீது சிறுநீர் கழித்தார்கள் என்றெல்லாம் எழுதிற்று. லிவர்பூல் மக்கள் அந்த ஏட்டை வாங்குவதை நிறுத்தினார்கள். இன்றும் அந்நகரில் அதை விற்காத கடைகள் பல.

அதே 1989 ஆகஸ்டில் நீதிபதி டெய்லர், காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதே முதற்காரணம் என்று அறிக்கை தந்துவிட்டார். ஆனாலும் பொய் சாகவில்லை. ஏன் சாகவில்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. நான்காண்டுகளுக்கு முன் ஹெய்சலில் பாய்ந்தவர்களும் லிவர்பூல் ரசிகர்கள் அல்லவா? 'இவர்களைத்தான் தெரியுமே' என்று மக்கள் நம்பத் தயாராக இருந்தார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் ஆயிற்று. புதல்வரையும் புதல்வியரையும் இழந்த பெற்றோர், பிள்ளைகளைப் புதைத்த கையோடு அவர்கள் குடிகாரர்கள் அல்லர் என்றும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

2012இல் தற்சார்பற்ற ஆய்வுக் குழு ஒன்று காவல்துறையின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்ததை வெளிப்படுத்தியது. அவற்றில் 116இல் காவல்துறைக்குப் பாதகமான பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2016 ஏப்ரல் 26 அன்று, 27 ஆண்டுகள் கழித்து, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், ரசிகர்கள்மீது தவறே இல்லை என்றும் நடுவர்கள் தீர்ப்பளித்தனர். ஆனால் அன்றைய காவல்துறைத் தலைமை அதிகாரி 2019இல் விடுதலையானார். மைதானச் சங்கத்தின் செயலர் ஒருவருக்கு மட்டும், பாதுகாப்பு விதியை மீறியதற்காக 6,500 பவுண்டு அபராதம். நீதி இவ்வளவுதான்!

மருந்து எது?

வேலியும் வெறுப்பும் இல்லாவிட்டால் காலிகளை எப்படித்தான் அடக்குவது என்று நண்பர்கள் கேட்கலாம். விடை பிரிட்டனிலேயே இருக்கிறது. 1990இல் டெய்லரின் இறுதி அறிக்கை வந்தது. எல்லா ரசிகருக்கும் அடையாள அட்டை என்ற மார்கரெட் தாட்சர் அரசின் திட்டம் கைவிடப்பட்டது. வேலிகள் அகற்றப்பட்டன, பெரிய மைதானங்களில் அனைவருக்கும் இருக்கைகள் வந்தன. குற்றம் செய்த தனி ஆளைப் படக்கருவியால் அடையாளம் கண்டு, நீதிமன்றத்தில் நிறுத்தி, மைதானத்துக்கு வரவே தடை விதிக்கும் முறை வலுப்பட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தடை பெற்றவர் வெளிநாட்டு ஆட்டங்களின்போது கடவுச்சீட்டையும் ஒப்படைக்க வேண்டும். மைதானத்துக்குள் கலகம் பெரிதும் குறைந்தது. கூடவே சீட்டு விலை ஏறி ஏழை ரசிகன் வெளியே தள்ளப்பட்டான் என்பது வேறு சோகம்.

நோய் முற்றும் தீரவில்லை என்பதும் மெய். 2021 ஜூலை 11 அன்று வெம்ப்ளியில் ஐரோப்பிய இறுதியாட்டத்தின்போது சீட்டில்லாத கும்பல் வாயில்களை மோதி உள்ளே புகுந்தது. தோற்ற பின் மூன்று கறுப்பின ஆட்டக்காரர்கள் இணையத்தில் இழிமொழிகளால் தாக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ராஷ்ஃபோர்டின் சுவரோவியம் மான்செஸ்டரில் கறைப்படுத்தப்பட்டது. மறுநாளே அவ்வூர் மக்கள் அன்புச் செய்திகளால் அந்தச் சுவரை மூடிவிட்டார்கள்.

பழைய வெறுப்பும் சாகவில்லை. 2022 மே 28 அன்று பாரிஸில் இறுதியாட்டத்துக்குச் சென்ற லிவர்பூல் ரசிகர்கள் வாயிலில் நெருக்குண்டு, கண்ணீர்ப்புகைக்கும் ஆளானார்கள். பிரெஞ்சு அமைச்சர்கள் உடனே ரசிகர்களையே குற்றம் சாட்டினார்கள். மறு ஆண்டு வெளிவந்த ஆய்வறிக்கையோ முதற்பொறுப்பை ஆட்டத்தை நடத்திய ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின்மேலேயே சுமத்தியது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்தும் அதே பொய், அதே மக்கள்மீது!

நமக்கு என்ன?

எங்கோ நடந்தது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பேருந்தில் என் கல்லூரிப் பெயரைக் கேட்டதும், "அந்தக் காலேஜா?" என்று பையை இறுக்கிக்கொண்ட பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். படியில் தொங்கிக் கல்லெறிந்தவர் நால்வர். பெயர் கெட்டது ஆயிரம் பேருக்கு. அந்த நால்வர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நாளை எனக்கு ஒரு விபத்து நேர்ந்தால், 'அந்தக் கல்லூரிப் பையன்தானே' என்று யாரும் விசாரிக்காமலே விட்டுவிடுவார்களோ என்ற அச்சம் எனக்கு உண்டு. ஹில்ஸ்பரோ அந்த அச்சத்துக்குச் சான்று.

நாமும் பிறரை அப்படிச் சொல்லாமல் இருக்கிறோமா? ஓர் ஊரை, ஒரு தெருவை, ஒரு கூட்டத்தை 'அவனுங்களே அப்படித்தான்' என்று நாமும் ஒரே சொல்லில் ஒதுக்குகிறோம். அந்தச் சொல்தான் வேலியின் முதல் கம்பி.

விளையாட்டை வினையாக்கியது காலிகள் மட்டும் அல்லர். காலிகளைக் காட்டி எல்லாரையும் வெறுத்தவர்களும், வெறுப்பினால் பொய்யை விசாரிக்காமல் நம்பியவர்களும் பங்காளிகளே. இதையெல்லாம் என் அறைத் தோழரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அந்தப் பனியனைத் துவைத்தவர், 97 என்ற எண் தேயாமலிருக்க உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, நிழலில் உலர்த்தினார்.