தாம்பரம் லோக்கலும் தங்க அணுக்கருவும்

காலையில தாம்பரத்துல கிளம்புற பீச் லோக்கல்ல உங்க கோச்ல எத்தனை பேர்னு எண்ணியிருக்கீங்களா? சராசரி 100னு வெச்சுக்குவோம். (சிரிக்காதீங்க, கணக்குக்காகத்தான்!) எல்லாரும் தனித்தனியா வந்து ஏறினா, அந்த எண்ணிக்கை தினமும் ஏறக்குறைய 10 கூடும், குறையும். அதே கூட்டம் அஞ்சஞ்சு பேர் கேங்கா வந்தா? சராசரி மாறாது. ஆட்டம் மட்டும் 22 ஆகிடும். வெறும் தலையை எண்ணியே, யாராவது ஒட்டிக்கிட்டு வர்றாங்களான்னு கண்டுபிடிச்சிடலாம்!

அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்திலும் இதே ட்ரிக்தான். அங்கே 2000-ல் ஓட ஆரம்பித்த 'ரிக்' இயந்திரத்தில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டார்கள். புரோட்டானும் நியூட்ரானும் உருகி, குவார்க்-குளுவான் குழம்பாகும். வாயு மாதிரி இருக்கும்னு எதிர்பார்த்தாங்க. 2005-ல், 'இது திரவம் மாதிரி ஓடுது'ன்னு அறிவிச்சாங்க. ஆக, நாம அரியர் வைக்கிற ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அங்கேயும் செல்லுபடி!

குழம்பு ஆறி மறுபடி துகளாகும்போது, மோதலுக்கு மோதல் புரோட்டான் எண்ணிக்கை ஆடும். 2011-ல் பெதங்கதாஸ் மொகந்தி, மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தின் சௌரேந்து குப்தா உள்ளிட்ட ஐந்து பேர், இந்த ஆட்டத்தை வைத்தே உருகும் வெப்பநிலை 2 லட்சம் கோடி டிகிரி பக்கம்னு கணக்குப் போட்டார்கள். அடுத்த தேடல், 'கிரிட்டிக்கல் பாயிண்ட்'. அது பக்கத்தில் இருந்தால், புரோட்டான்கள் கேங் சேர்ந்ததுபோல ஆட்டம் மாறும்.

இங்கேதான் சிக்கல். திரவச் சமன்பாடு சராசரியை மட்டும்தான் கொடுக்கும். அதிலிருந்து துகளை எண்ண, கம்ப்யூட்டர் தாயம் உருட்டணும். ஆனா ரெண்டு தங்க அணுக்கருவிலும் சேர்த்து புரோட்டான், நியூட்ரான் மொத்தம் 394. எதிர்த்துகள்களைக் கழித்த நிகரக் கணக்கு கடைசிவரை அதேதான். தாயத்துக்கு அது தெரியாது. ஒருமுறை 396 போடும், ஒருமுறை 390!

வண்டியில் மொத்தம் இத்தனை பேர்தான்னா, நம்ம கோச்ல கூடினா வேற கோச்ல குறையணும். 12 கோச் வண்டியில் அந்த 10 ஆட்டம் 9.6 ஆகும், பரவாயில்லை. ரெண்டே கோச்னா 7-க்கு இறங்கிடும். மோதலின் ஆற்றல் குறையக் குறைய, டிடெக்டர் பார்க்கிற ஜன்னலுக்குள் மொத்தத்தில் பெரிய பங்கு வந்துடும். ரெண்டு கோச் கதைதான். இதைக் கழிக்காம 'கண்டுபிடிச்சுட்டோம்!'னு குதிச்சா அசடு வழியணும். லேப்ல ரீடிங் ஆடினா நாம சராசரி போட்டு ரெக்கார்டுல ஏத்திடறோம். இங்கே ஆட்டம்தான் பாஸ் ரீடிங்கே!

2021-ல் ஸ்டார் குழு, ஆற்றலை மாற்ற மாற்ற ஆட்டம் ஏறி இறங்குதுன்னு 3.1 சிக்மா உறுதியோடு சொன்னது. (கண்டுபிடிப்புன்னு அடிச்சுச் சொல்ல 5 வேணும்.) 2022-ல் வோவ்சென்கோ, கோக், ஷென் மூணு பேரும் மொத்த எண்ணிக்கை மாறாமல், துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதையும் சேர்த்து ஹைட்ரோ கணக்குப் போட்டார்கள். 20 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் டேட்டா அந்தச் சாதாரணக் கணக்கோடு ஒத்துப்போச்சு. கீழேதான் இடிச்சது. 2025-ல் வந்த துல்லியமான டேட்டாவிலும் அந்த 20 பக்கத்தில் ஒரு பள்ளம். எத்தனை சிக்மான்னு கேட்டா, 2-லிருந்து 5 வரை. எந்த மாடலை 'சாதாரணம்'னு வெச்சு ஒப்பிடறீங்களோ, அதைப் பொறுத்து.