சின்னக் கீறல், பெரிய பஞ்சாயத்து

"சின்னக் கீறல்தானே, போலீஸ் எதுக்கு, பேசி முடிச்சுக்குங்க."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இரண்டு கார்க்காரர்கள் சமமாக நின்று பேசும் இடத்தில் அது நியாயமும்கூட. ஆனால் தோழர்களே, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஒரு வளைவில் நின்று இதை யோசித்துப் பாருங்கள்.

ஒரு பக்கம் பீமன் அருவி பார்க்க வந்த கார், உள்ளே நாலு பேர். இன்னொரு பக்கம் சாமை மூட்டையோடு பைக்கில் இறங்கும் மலையாளிப் பழங்குடி இளைஞன். பம்பரில் ஒரு கோடு. வளைவில் யார் தப்பான பக்கம் வந்தது என்ற கேள்வியே எழாது. முதலில் பைக் சாவி பிடுங்கப்படும். அடுத்து, "எந்த ஊருடா, யாரு ஆளு?" அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் தொகை முடிவாகும். இதற்குப் பெயர் சமரசமா?

கணக்கைப் பார்ப்போம். முழு பாலிசி வைத்திருக்கும் காருக்கு அதன் கம்பெனியே பழுது பார்த்துத் தரும். ஓனர் கையை விட்டுப் போவது கட்டாயக் கழிவு 1,000 அல்லது 2,000 ரூபாய். அதோடு அடுத்த பிரீமியத்தில் கிடைக்கவேண்டிய 'நோ கிளெய்ம் போனஸ்', 20 முதல் 50 சதவீதம் வரை. அந்த போனஸைக் காப்பாற்றத்தான் சாமை விற்ற காசைக் கேட்கிறார்கள். தப்பு காருடையது என்றாலோ, அதன் மூன்றாம் நபர் காப்பீடு பைக்கின் சேதத்துக்குப் பொதுவாக 7.5 லட்சம் வரை பொறுப்பேற்கும். இதை அந்த வளைவில் யாராவது அவனிடம் சொல்வார்களா?

சாவியையும் ஆர்.சி.யையும் பறித்து, மிரட்டிப் பணம் வாங்குவது மிரட்டிப் பறித்தல். சாதியைச் சொல்லி நடுரோட்டில் இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். மலையாளிகள் இங்கே பட்டியல் பழங்குடியினர். ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம், சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதையும் கட்டப்பஞ்சாயத்தையும் ஒரே தீர்ப்பில் கண்டித்தது. அந்த இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம்தான் இந்த வளைவு.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். அவன் வாய் மூடிப் பணம் கொடுப்பதற்குப் பல நேரம் காரணம், பைக்கின் இன்சூரன்ஸ் எப்போதோ முடிந்துபோயிருப்பதுதான். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அந்தப் பயத்தை எதிராளி நன்றாகப் படித்து வைத்திருக்கிறான். மூன்றாம் நபர் பாலிசி ஒன்று கையில் இருந்தால், தப்பு இவனுடையதாகவே இருந்தாலும் காரின் சேதத்தை அது பார்த்துக்கொள்ளும். இன்னொன்று: கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தரவோ கூடாது என்பது பாலிசியிலேயே இருக்கும் நிபந்தனை. "என் கம்பெனியிடம் பேசுங்கள்" என்று சொல்வது திமிர் அல்ல, ஒப்பந்தம்.

சில நூறு ரூபாய் சேதத்துக்காகத் தீர்ப்பாயத்துக்கு அலைய முடியாது என்பது உண்மைதான். அப்படியானால் பேசி முடிக்கட்டும்; ஆனால் சாவி அவன் கையில் இருக்கும்போது, ஊர்க்காரர் இருவர் பக்கத்தில் நிற்கும்போது, தொகை எழுதிக் கையெழுத்தான பிறகு.

இந்த விடுமுறையில் மலைக்குப் போகும் மாணவர்கள் வீடு வீடாக ஆர்.சி.யை வாங்கி, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று எம்பரிவாகன் செயலியில் பார்த்துச் சொல்லுங்கள். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு கீழே வந்து பாருங்கள்.