யூகே 8, யூஎஸ் 9, ஈயூ 42... உங்க கால் இதுல எங்கே?

ஆன்லைன்ல யூகே 8 ஷூ ஆர்டர் போடுறீங்க. வந்ததும் போட்டுப் பார்த்தா விரல் பக்கம் இறுக்குது. ரிட்டர்ன் போட்டு 9 வாங்குறீங்க. இப்போ அகலம் சரி, ஆனா நடக்கும்போது குதிகால் கழண்டு வருது. பிரச்னை உங்க கால்ல இல்லை பாஸ். அந்த எண்ணில்தான்.

யூகே சைஸின் அடிப்படை அலகு ஒரு பார்லி மணியின் நீளம். அதாவது, அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மி.மீ. ஐரோப்பிய சைஸில் ஒவ்வொரு எண்ணுக்கும் 6.67 மி.மீ. இந்த இரண்டு அளவுகோலும் எப்படி ஒத்துப்போகும்? இது போதாதுன்னு, ஆண்களுக்கான யூகே 8-ஐ ஒரு பிராண்டு யூஎஸ் 8.5 என்கிறது, இன்னொண்ணு 9 என்கிறது. இதைவிட முக்கியமான விஷயம், இந்த எண்கள் எல்லாமே காலின் நீளத்தை மட்டும்தான் சொல்லுது. அகலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

நமக்கு அடி விழுவது அங்கேதான். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சிஎல்ஆர்ஐ), 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் கால்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. சராசரி இந்தியக் கால், ஐரோப்பியக் காலைவிட அகலமானது என்பது அதில் தெரிய வந்தது. அதன் அடிப்படையில் உருவானதுதான் 'பா' என்ற சைஸ் முறை. பாரத் என்பதன் சுருக்கம். குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை 8 பிரிவுகள், அரை சைஸ் கிடையாது. 2024-ல் இது பெரிய செய்தியானது. ஆனா நம்ம கடைகளில் இன்னும் யூகே எண்தான் ஓடுது.

மாற்றம் சும்மா ஸ்டிக்கரை மாத்துற வேலையும் இல்லை. லாஸ்ட் என்கிற கால் அச்சின் மேல்தான் ஷூ உருவாகுது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் இருந்து வெளிநாட்டுக்குப் போகும் ஷூக்கள் அந்தந்த நாட்டுக் கால்களுக்கான அச்சில் தைக்கப்படுபவை. நமக்குன்னு புது அச்சு வேணும்னா கம்பெனிகள் செலவு பண்ணணும். அதுக்கு அவசரம் காட்டுவாங்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இறுக்கமான ஷூ என்றால் கொப்புளம், ஆணிக்கால், பெருவிரல் பக்கம் எலும்பு துருத்துவது... இதெல்லாம் வரும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு உரசுவதே தெரியாது. புண் பெரிசான பிறகுதான் கண்ணில் படும். அதனால உங்க அப்பா, அம்மாவுக்கு ஷூ வாங்கும்போது இன்னும் கவனம் தேவை.

அடுத்த ஆர்டருக்கு முன்னாடி ஒரு ரெண்டு நிமிஷம். சாயங்காலம், கால் லேசா வீங்கியிருக்கும் நேரத்தில், குதிகாலைச் சுவரில் ஒட்டி பேப்பர் மேல் நில்லுங்க. நீளம், அகலம் ரெண்டையும் குறிச்சுக்கோங்க. ரெண்டு காலையும் அளக்கணும், பெரிய காலே கணக்கு. பல ஸ்போர்ட்ஸ் ஷூ லேபிளில் சிஎம் அல்லது ஜேபி என்று ஒரு எண் இருக்கும். அது சென்டிமீட்டரில் கால் நீளம். அதை வெச்சுப் பாருங்க. நீளம் சரியா இருந்தும் பக்கவாட்டில் இறுக்கினா 9-க்குத் தாவாதீங்க, அதே 8-ல் 'வைடு' அல்லது '2ஈ' இருக்கான்னு ஃபில்டர் போட்டுத் தேடுங்க.