ஆம்ஸ்டர்டாம் கனவும் பழவேற்காடு பயணமும்

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருநாள் காலை ஒரு வீடியோ வந்து விழுந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரம். தெரு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர், ஸ்கூட்டர் நிற்க வேண்டிய இடத்தில் படகு. பின்னாலேயே வெனிஸ். அதற்கும் பின்னால், வெனிஸ் பக்கத்தில் இருக்கும் புரானோ என்ற மீனவத் தீவு. பொங்கலுக்கு வண்ணம் அடித்த தெரு மாதிரி வீட்டுக்கு வீடு ஒரு கலர்.

நாங்கள் நான்கு பேர். திருத்தணியில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருத்தி வங்கியில் வேலை பார்க்கிறாள், ஒருத்தி டீச்சர், ஒருத்திக்கு மலையடிவாரத்தில் பூக்கடை, நாலாவது நான்.

"கண்ணை மூடறதுக்குள்ள நாலு பேரும் ஒரு தடவை போயிட்டு வந்துடணும்டி" என்றாள் வங்கிக்காரி. அன்று முதல் குரூப்பில் வேறு பேச்சே இல்லை.

கணக்குப் போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. நம் பணத்தில் எட்டாயிரத்துக்கும் மேல். விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். வெனிஸுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு, கூட்டமான சில நாட்களில் ஊருக்குள் நுழையவே கட்டணம் என்று 2024-ல் கொண்டுவந்திருக்கிறார்கள். விமானம், ஓட்டல், சாப்பாடு எல்லாம் தனி. ஒரு பெரிய தொகையைக் கூட்டிப் போட்டு, கீழே நான்கு பூ எமோஜியும் வைத்து அனுப்பினேன்.

இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். பூக்கடைக்காரி பார்த்திருந்தாள். நீல டிக் இருந்தது. பதில் மட்டும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் குரூப்பைவிட்டே வெளியேறிவிட்டாள். போன் செய்தால், "போன்ல இடமே இல்லடி, அதான்" என்றாள். நானும் நம்பிவிட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்!

ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு மத்தியானம் அவள் கடைக்குப் போனேன். கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

"என்னால முடியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுடி. அதைவிட, உன் பங்கை நாங்க போட்டுக்கறோம்னு நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. அப்புறம் எப்படி உங்ககூட சரிசமமா உக்காந்து சிரிக்கிறது?"

எனக்குப் பேச்சே வரவில்லை. நாற்பது வருஷப் பழக்கம். அவள் வீட்டு அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்றுகூடத் தெரியும். கணக்குப் போடும்போது மட்டும் அது ஞாபகம் வரவில்லை.

"சரி, நீயே ஒரு ஊர் சொல்லு. அங்க போவோம்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "கால்வா இருக்கணும், கடல் இருக்கணும், மீன்காரங்க ஊரா இருக்கணும். அவ்வளவுதானே? பழவேற்காடு போலாம்."

திருத்தணியும் பழவேற்காடும் ஒரே திருவள்ளூர் மாவட்டம். நமக்கும் அவர்களுக்கும் ஒரே கலெக்டர். இருந்தும் நாங்கள் நால்வரும் அதுவரை போனதில்லை.

தை மாதத்தில், கிருத்திகை இல்லாத ஒரு நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். அன்று டீச்சருக்கு விரதம், எங்களுக்கு இறால் ஆசை. இரண்டும் இடிக்கக் கூடாதே! விடியற்காலை மின்சார ரயிலில் சென்னை, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி, பிறகு பஸ். புளிசாதம் வீட்டிலிருந்தே போனது. போக வரச் செலவெல்லாம் சேர்த்து ஆளுக்கு ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

முதலில் டச்சுக் கல்லறைக்குப் போனோம். வாசலிலேயே எலும்புக்கூடு சிற்பங்கள் நின்று வரவேற்கின்றன. உள்ளே போனால் கல்லில் எழுத்தும் படமும் அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். டச்சுக்காரர்களின் ஜெல்டிரியா கோட்டை இங்கேதான் இருந்தது. கட்டி முடித்தது 1613-ல். இன்று அதில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான்.

நான் ஐரோப்பாவுக்காகச் சேர்த்து வைத்த குறிப்புகள் இங்கே கைகொடுத்தன. வீடியோவில் பார்த்து வாய் பிளந்தோமே, ஆம்ஸ்டர்டாமின் அந்தப் பெரிய கால்வாய் வளையம், அதை வெட்டத் தொடங்கியதும் அதே 1613-ல்தான்! அங்கே கால்வாய், இங்கே கோட்டை. இந்தக் கரையிலிருந்து துணியை ஏற்றிக்கொண்டு போய், கிழக்கே தீவுகளில் வாசனைப் பொருட்களுக்கு மாற்றினார்கள். பஞ்ச காலத்தில் துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். அந்த வியாபாரத்தில் வந்த பணமும் சேர்ந்துதான் ஆம்ஸ்டர்டாமை வளர்த்தது.

"அப்போ அந்த ஊர் அழகுல நம்ம ஊர்க்காரங்க பங்கும் இருக்குன்னு சொல்லு" என்றாள் பூக்கடைக்காரி. அதற்கு மேல் நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை.

ஏரியை ஒட்டிப் போகிறது பக்கிங்காம் கால்வாய். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் பக்கமாகத் தொடங்கிய வேலை இது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டுகொண்டே போனது. 1877, 78 பெரும் பஞ்சத்தில், கூலிக்காக மண் சுமந்த ஏழை ஜனங்கள் சென்னைக்குள் இரண்டு பக்கத்தையும் இணைத்தார்கள். பெயரோ கவர்னருக்குப் போனது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் இதில் படகேறித்தான் சென்னைக்கு வந்தன. வெனிஸ்காரர்கள் கால்வாயை வாசலாக வைத்துக்கொண்டார்கள். நாம் சென்னைக்குள் அதைக் கொல்லைப்புறம் ஆக்கிவிட்டோம். இங்கே பழவேற்காட்டில் இன்னும் அதன் மேல் வானம் தெரிகிறது.

ஏரிக்கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. 1960 வரை ஆந்திராவில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்த ஊர்க்காரிகள் நாங்கள். கரையில் தமிழும் தெலுங்கும் கலந்து கேட்டபோது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன.

"போட்ல போலாமா அக்கா? கடல் சேர்ற இடம் வரைக்கும் காட்றேன்" என்று ஒரு பையன் வந்தான். ஆம்ஸ்டர்டாம் ஆசை இன்னும் மிச்சம் இருந்த வங்கிக்காரி கிளம்பியேவிட்டாள். படகில் உயிர்காப்பு உடை ஒன்றுகூட இல்லை.

பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர், "வேணாம்மா" என்றார். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று இந்த இடத்தில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் உறவுக்காரர்கள், ஒன்றாகச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். அதன் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. வங்கிக்காரி ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தண்ணீரைக் கரையிலிருந்தும் பார்க்கலாம்.

பெரியவரோடு பேச்சு நீண்டது. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்பதற்கு இவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல மீன் கிடைக்கும் இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடாது. முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று உன் முறை, நாளை என் முறை. வலுத்தவன், இளைத்தவன் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

திரும்பும் ரயிலில் டீச்சர்தான் ஆரம்பித்தாள். "நாமளும் பாடு வெச்சுக்கலாமா? வருஷத்துக்கு ஒருத்தி. அவளுக்குத் தோதான ஊர், அவளுக்குத் தோதான செலவு. மத்தவங்க வாயைத் திறக்காம கூடப் போகணும்." நால்வரும் கை தூக்கினோம். பூக்கடைக்காரி, பழவேற்காட்டில் வாங்கிய பனையோலைக் கூடையோடு சேர்த்துத் தூக்கினாள்.

அதற்காக ஆம்ஸ்டர்டாம் கனவை விட்டுவிடச் சொல்லவில்லை. முடிந்தவர்கள் போகட்டும். வங்கிக்காரியும் டீச்சரும் இந்த வருஷம் போய் வந்துவிட்டார்கள். கால்வாய்ப் பாலத்தில் நின்று குரூப்பில் படம் போட்டார்கள். முதல் பதில், மறுபடி குரூப்புக்கு வந்துவிட்ட பூக்கடைக்காரியின் குரல் பதிவு. "அந்தக் கால்வா எந்த வருஷம்னு அங்க இருக்கறவங்களைக் கேளுடி. 1613-ன்னு சொல்றாங்களா பாரு!"

உங்கள் குரூப்பிலும் பயணத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கலாம். தொகையைப் போடும் முன் ஒன்று பாருங்கள். நீல டிக் விழுந்தும் பதில் சொல்லாதவர் யார்? அவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். குரூப்பில் வேண்டாம், தனியாக.