விடுதியா? கூண்டா?

நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளுக்கு நாடு வைத்த பெயர் 'பிராய்லர் பள்ளிகள்'. அந்தப் பெயரில் ஒரு சிறு பிழை உண்டு. நாமக்கல்லின் பெருமை கறிக்கோழி அன்று, முட்டைக்கோழி. முட்டைக்கோழிக்குக் கூண்டில் இடத்தை அளந்து கொடுப்பார்கள். தீவனத்தையும் அளந்து வைப்பார்கள். பகலொளி போதாதென்று விளக்கேற்றி, நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கச் செய்வார்கள். முட்டை குறைந்த கோழிக்கு அங்கே இடமில்லை. விடியுமுன் எழுப்பி, இரவு பத்துவரை விளக்கடியில் உட்காரவைத்து, மதிப்பெண் குறைந்தவனை மறு ஆண்டு வெளியேற்றும் விடுதிக்கு இதனினும் பொருத்தமான உவமை இல்லை.

வாணிபத்திற்காகப் பள்ளி நடத்துவோர் அவ்வாறு நடத்துவதில் வியப்பில்லை. என் வழக்கு அவர்களோடு அன்று, நம்மோடுதான். சேலம், நாமக்கல் சமவெளியில் நம் விடுதிகளுள் சிலவும் அந்தக் கூண்டின் அளவுகளை இரவல் வாங்கத் தொடங்கிவிட்டன. அதைவிடக் கொடுமை, நம் பெற்றோர் அதைக் கேட்டு வாங்குகின்றனர்.

எதற்காகத் தொடங்கினோம்?

இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1623இல் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். சேலம் மறைமாவட்டம் 1930இல் உருவாயிற்று. இந்த நெடிய வரலாற்றில் விடுதி என்பது திருச்சபை கண்ட மிக எளிய கருவிகளுள் ஒன்று. மலைமேல் ஏற்காட்டில் 1917இல் தொடங்கிய மோன்ட்ஃபோர்ட் பள்ளி போன்றவை ஒரு வகை. சமவெளியின் பங்கு விடுதிகள் மற்றொரு வகை. கூலி வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகளும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியில்லா ஊர்களின் பிள்ளைகளும் வயிறார உண்டு, விளக்கடியில் படிப்பதற்கென எழுந்தவை அவை.

அங்கே பாடநூலில் இல்லாத பாடம் ஒன்றும் நடந்தது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்த ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள், விடுதிப் பந்தியில் ஒரே வரிசையில் அமர்ந்தனர். ஒரே பானையில் வெந்த சோற்றை உண்டனர். ஒருவர் தட்டில் மற்றவர் பரிமாறினர். தொடக்கத் திருச்சபை திருத்தூதர் போதனையிலும் நட்புறவிலும் அப்பம் பிட்குதலிலும் செபத்திலும் நிலைத்திருந்தது என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகின்றது (2:42). இந்நான்கையும் ஒரே கூரையின்கீழ்ப் பழகத் தக்க இடம் விடுதி. நான்கையும் அகற்றிவிட்டு ஐந்தாவதாக 'ஸ்டடி'யை மட்டும் வைத்துக்கொண்டால், மிஞ்சுவது கட்டடம்தான்.

"ஏழைக்கு மதிப்பெண்தானே சொத்து?"

இது நேர்மையான கேள்வி. மதிப்பெண்ணை நான் இகழவில்லை. நன்றாகக் கற்பிக்காத விடுதி ஏழைக்குத் துரோகம் செய்கின்றது. ஆனால் நாம் பார்த்து மயங்கிய முறையின் கதியையும் பாருங்கள். மேல்நிலை இரண்டாம் ஆண்டு மதிப்பெண்ணே மருத்துவக் கல்லூரியின் கதவைத் திறந்த காலத்தில், முதலாண்டுப் பாடத்தைத் தள்ளிவைத்து ஈராண்டும் ஒரே பாடத்தை உருப்போட வைத்தார்கள். 2017இல் நீட் தேர்வு வந்தது. அதே ஆண்டு அரசு மாநிலத் தர வரிசை அறிவிப்பை நிறுத்தியது. புறக்கணிக்கப்பட்ட முதலாண்டுப் பாடத்தை மீட்பதற்காக, 2017-18 கல்வியாண்டில் அதற்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. கோட்டை ஓராண்டில் ஆட்டம் கண்டது. கோட்டையை விற்றவர்கள் மறுநாளே நீட் பயிற்சி விற்கத் தொடங்கினார்கள். உருப்போட்ட பிள்ளையோ தனியே நின்றது. சந்தையைத் துரத்துகிறவன் என்றும் சந்தைக்குப் பின்னால்தான் ஓடுவான்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் காக்க வழிகாட்டு நெறிகளை வகுத்தது. மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளைகளைப் பிரிக்காதீர், பலர் முன்னே அவமானப்படுத்தாதீர், சக்திக்கு மீறிய இலக்கைச் சுமத்தாதீர் என்றது. நற்செய்தியைச் சுவரில் எழுதிவைத்திருக்கும் நமக்கு, இதை நீதிமன்றம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

செபம் தண்டனையா?

"எங்கள் விடுதியில் நாள்தோறும் திருப்பலி, மாலைதோறும் செபமாலை, ஆன்மீகத்திற்கு என்ன குறை?" என்பர் சிலர். திருப்பலிக்கு வருகைப் பதிவேடு, தாமதமாக வந்தவனுக்கு மூன்று செபமாலை என்றால், அந்தப் பிள்ளைக்கு அன்னை மரியாளைத் தண்டனை அலுவலராகவே அறிமுகம் செய்கிறோம். விடுதியை விட்ட மறுவாரமே அவன் கோவிலையும் விடுவதில் என்ன வியப்பு?

பிற சமயப் பிள்ளைகளும் நம் விடுதிகளில் வாழ்கின்றனர். சிறுபான்மையினர் உரிமையான அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவை மேடைதோறும் முழங்குகிறோம். அதே சாசனத்தின் 28(3) பிரிவு, அரசு ஏற்பு அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிலையத்தில் எவரையும் அவரது இசைவின்றி, சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயப்படுத்தலாகாது என்கின்றது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். கட்டாயத்தால் வரும் முழங்கால் மண்டியிடும், உள்ளம் மண்டியிடாது.

தொன் போஸ்கோ 1884இல் உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு எழுதிய மடல் விடுதிப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக வேண்டும். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுவதை அவர்கள் உணர வேண்டும் என்பது அதன் சாரம். உணர்வது எங்கே? விளையாட்டுத் திடலில், உணவறையில், காய்ச்சல் கண்ட இரவில். பங்கு, பள்ளி, கட்டட வேலை ஆகிய மூன்றுக்கும் நடுவே ஓடும் ஒருவரிடம் எண்பது பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு 'காப்பாளர்' என்று பெயரிட்டால், எவரைக் காப்பார் அவர்? காப்பாளர் பணியை இளங்குருவின் இடைக்காலத் தங்கலாகக் கருதும் வழக்கம் ஒழிய வேண்டும்.

பெற்றோரே, பங்குப் பேரவையினரே!

சேர்க்கை நாளில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கிறீர்கள். நன்று. இவற்றையும் கேளுங்கள். ஞாயிறு இவர்களுக்கு ஓய்வு நாளா, ஏழாவது வேலை நாளா? துடைப்பமும் பரிமாறும் கரண்டியும் எல்லார் கைக்கும் வருகின்றனவா, அல்லது கட்டணம் செலுத்த இயலாத பிள்ளையின் கைக்கு மட்டுமா? என் மகள் இரவில் அழுதால் யாரிடம் செல்வாள்? அங்கே அச்சமின்றிக் குறை சொல்ல வழியுண்டா? கேட்கத் தயங்காதீர்கள், திருச்சபையின் பிள்ளைகளைப் பற்றித் திருச்சபையிடம் கேட்பது குற்றமன்று. 'கிறிஸ்தவக் கல்வி' பற்றிய 1965ஆம் ஆண்டுச் சங்க ஏடு, பெற்றோரே முதன்மையான கல்வியாளர் என்று கூறிவிட்டது. கட்டணம் செலுத்தியதும் அந்தப் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.

நாசரேத்தில் இயேசு ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும், இறைவனுக்கும் மனிதருக்கும் உகந்தவராகவும் வளர்ந்தார் என்று லூக்கா எழுதுகிறார் (2:52). நம் பிள்ளைகளிடம் முதலாவதன் நிழலான மதிப்பெண்ணை மட்டும் அளந்து, மற்ற மூன்றையும் மறந்துவிடும் விடுதிக்கு எந்தப் புனிதரின் பெயரைச் சூட்டினாலும் அது கூண்டுதான். கூண்டு நடத்துவதற்கு நாமக்கல்லில் ஆள் போதும். அதற்குத் திருச்சபை தேவையில்லை.