அயல்நகரத்து நூதனசாலையும் நம் கரையோரத்துப் பிள்ளைகளும்

புத்தளம், கற்பிட்டி, கரைத்தீவு முதலிய நம் கரையோர ஊர்களிலிருந்து தோஹாவுக்கும் குவைத்துக்கும் லண்டனுக்கும் சென்று, வருஷக்கணக்கில் உழைத்துத் திரும்பும் பிள்ளைகளிடம் அந்நகரங்களைப் பற்றி விசாரித்தால், அங்காடிகளின் விஸ்தாரத்தையும் மாடிக் கட்டடங்களின் உயரத்தையும் உற்சாகத்தோடு வர்ணிக்கும் அவர்கள், நூதனசாலை என்ற பேச்சு வந்ததும் மௌனமாகிவிடுகிறார்கள். அது படிச்ச ஆக்களுக்குரிய இடம் என்னும் எண்ணமே அம்மௌனத்துக்குக் காரணம். அவ்வெண்ணம் முற்றிலும் பிழையானது என்பது என் துணிபு.

தோஹாவில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை நூதனசாலையை எடுத்துக்கொள்வோம். திறப்பு விழாவின்போது தொண்ணூறு வயதைக் கடந்திருந்த ஐ. எம். பெய் என்னும் கட்டடக்கலைஞர், அதற்குரிய வடிவத்தைத் தேடி இஸ்லாமிய தேசங்கள் பலவற்றில் சஞ்சரித்து, ஈற்றில் கெய்ரோ நகரத்து இப்னு துலூன் பள்ளிவாசலின் முற்றத்தில், வுழூச் செய்வதற்காக அமைந்த எளிய மண்டபமொன்றிலே தாம் தேடியதைக் கண்டார். ஹவுளில் கைகால் கழுவி வளர்ந்த புத்தளத்துப் பிள்ளைக்கு அம்மண்டபத்தின் தாத்பரியத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே வைக்கப்பட்டிருக்கும் பழைய வானசாஸ்திரக் கருவிகளின் முன்னே, வெள்ளி முளைக்கும் நேரம் பார்த்து வள்ளம் தள்ளிய குடும்பத்தில் பிறந்தவன் ஏன் கூசி நிற்க வேண்டும்?

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டத் தக்கவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்ட அதே 1877ஆம் ஆண்டில் (அக்கட்டடத்தை நிர்மாணித்த வாப்பிச்சி மரைக்கார், தமக்கு வேறு சன்மானம் வேண்டாமென்று கூறி, வெள்ளிக்கிழமைகளில் அது மூடப்பட வேண்டுமென்று மட்டும் கேட்டார் என்பது இன்றும் வழங்கும் கர்ணபரம்பரை) கொழும்பிலே தமிழ்த் தந்தைக்கும் ஆங்கில அன்னைக்கும் பிறந்த அவர், தாம் சேகரித்த சித்திரங்களைக் கொண்டு இந்தியாவிலேயே ஒரு தேசிய நூதனசாலை அமைய வேண்டுமென விரும்பி, அவ்விருப்பம் ஈடேறாமையால், 1917இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து நுண்கலை நூதனசாலையில் உத்தியோகம் ஏற்று, 1947இல் இறக்கும் வரை அந்நிய பூமியிலேயே அப்பொருள்களைப் பேணி வந்தார். ஆயினும், தம் ஜீவியத்தின் முப்பது ஆண்டுகளை நூதனசாலைக்கே அர்ப்பணித்த அம்மேதை, அங்குள்ள பொருள்கள் யாவும் நூதனசாலைக்காகச் செய்யப்பட்டவையல்ல என்றே ஓயாது உபதேசித்தார். விக்கிரகம் வழிபடுவதற்காகவும் குடம் நீர் மொள்வதற்காகவும் செய்யப்பட்டவை. கண்ணாடிப் பேழைக்குள் அவை புகுந்தது பிற்காலத்து விதிவசம். இச்சித்தாந்தத்தை ஒப்புக்கொண்டால், வலையின் முடிச்சையும் பாயின் பின்னலையும் பானையின் கழுத்தையும் கைப்பழக்கத்தால் அறிந்த கரைத்தீவு மனிதனுக்கு, புஸ்தகம் மட்டும் படித்த பண்டிதனுக்கு இல்லாத ஒரு கண் உண்டென்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அக்கண்ணை அவசரத்தால் கெடுத்துக்கொள்ளலாகாது. இருக்கும் மண்டபங்கள் அனைத்தையும் ஒரே பிற்பகலில் ஓடி முடித்து, ஒவ்வொரு பொருளின் முன்னும் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துவிட்டு வெளியேறுவது, கந்தூரிச் சோற்றை மணம் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு ஒப்பாகும். ஒரு விடுமுறைக்கு ஒரு மண்டபம், அதிலும் ஒரு பொருள் போதும்.

லண்டனில் உள்ளோர்க்கு அப்பொருள் எதுவென்பதை நானே சொல்லிவிடுகிறேன். பிரவேசக் கட்டணமில்லாத பிரிட்டிஷ் நூதனசாலையின் 33ஆம் மண்டபத்தில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையிலே கண்டெடுக்கப்பட்டு, இலங்கையின் ஆளுநராயிருந்த பிரவுன்றிக்கினால் 1830இல் கையளிக்கப்பட்ட தாரா தேவியின் விக்கிரகம் நிற்கிறது. பொன் பூசிய வெண்கலம், எட்டாம் நூற்றாண்டின் வேலைப்பாடு, ஏறத்தாழ 143 சென்ரிமீற்றர் உயரம். திறந்த மார்பும் நுண்ணிடையும் அக்காலத்து ஆங்கிலக் கண்களுக்கு ஒவ்வாமையால், சுமார் முப்பது ஆண்டுகள் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படாதிருந்தது என்பதை எண்ணுங்கால், சிரிப்பதா சினப்பதா என்று தோன்றவில்லை. ஒல்லாந்தர் 1765இல் கண்டியிலிருந்து கவர்ந்து சென்ற லெவ்கே பீரங்கி உள்ளிட்ட ஆறு பொருள்கள் 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து மீண்டதைப் போல, தாராவும் மீள வேண்டுமென்பதே என் கட்சி. மீளும் வரை, அங்கே வாழும் நம்மவர் அதைத் தேடிச் சென்று காணட்டும்.

இனி, நம் வாசலுக்கு வருவோம். கரைத்தீவுக்கு அயலில், வில்பத்துக் காட்டையொட்டிய பொம்பரிப்பில், இறந்தோரின் எலும்புகளை இட்டுப் புதைத்த புராதனத் தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. தமிழகத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றை ஆராய்ச்சியாளர் ஒப்பிடுவர். அந்த ஆதிச்சநல்லூரை 1876இல் தோண்டிய ஜாகோர் என்னும் ஜெர்மானியர், கிடைத்த பொருள்களைப் பேர்லினுக்கே கொண்டு சென்றார். நம் பிள்ளையொருவன் பேர்லினிலோ சென்னையிலோ அத்தகைய தாழியொன்றின் முன் நின்றும், தன் ஊருக்கு அருகிலும் இவ்வாறு ஒன்று உண்டென்பதை அறியாதிருப்பானாயின், அக்குறை அவனைச் சார்ந்ததன்று. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் ஒரு தடவையேனும் நம் மாணவரைப் பொம்பரிப்புக்கும் கொழும்பு நூதனசாலைக்கும் அழைத்துச் செல்ல, வாடகைக்கு ஒரு பஸ்ஸும் ஓரிரு ஆசிரியர்களின் சிரமமும் போதும். அடுத்த பாடசாலைத் தவணையிலேயே அதைத் தொடங்கலாம்.